பொண்ணு கிடைக்கலீங்க

எங்கள் பக்கத்தில், அதாவது ஈரோடு, காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில், எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பிக்கிற பேச்சு ஒன்றுதான். "பையனுக்கு இன்னும் அமையலீங்களா?" "எங்கீங்க, பொண்ணே கிடைக்க மாட்டேங்குது." காதுகுத்திலும் இதே பேச்சு, எழவு வீட்டிலும் இதே பேச்சு. சட்டைப் பையில் மகனின் ஜாதக நகலை நாலாக மடித்து வைத்துக்கொண்டு வருகிற அப்பாக்களை இப்போது எல்லா மண்டபத்திலும் பார்க்கலாம். யாராவது ஒறம்பரை "எங்க பக்கம் ஒரு பொண்ணு இருக்குதுங்க" என்று வாயெடுத்தால் போதும், அவர்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வருகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டப்படும்.

அதோடு பேச்சு நின்றுவிட்டால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அடுத்து வருவது காரணம். "படிச்சுப் போட்டு பொண்ணுங்களுக்குத் திமிர் ஏறிப்போச்சு." "ஐடியில இருக்கோணும், பெங்களூருல சொந்த ஃபிளாட் இருக்கோணும், மாமியா மாமனாரு கூட இருக்கக் கூடாதாமா." இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, வருஷக்கணக்கில் அலைந்து நொந்துபோனவர்கள். ஆனாலும் அவர்கள் சொல்கிற காரணம் தப்பு. கல்யாணம் என்ற ஏற்பாட்டை நாம் எப்படிக் கட்டி வைத்தோமோ, அதற்கான பலனைத்தான் இன்று நம் வீட்டுப் பையன்கள் அனுபவிக்கிறார்கள். பழியை மட்டும் பெண்கள் தலையில் போடுகிறோம்.

முதலில், பிறக்கவே விடாத பெண்களைப் பற்றிப் பேசிவிடலாம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று பார்த்தார்கள். தமிழ்நாடு முழுக்க 942. சேலம் மாவட்டத்தில் 851. தருமபுரியில் 826. யாரும் கை வைக்காமல் இருந்தால் 950-ஐ ஒட்டி இருக்க வேண்டிய எண் இது. அந்தக் கணக்கில் வந்த பெண் குழந்தைகளுக்கு இப்போது இருபத்தைந்திலிருந்து முப்பது வயது. நம் மண்டபங்களில் தேடிக்கொண்டிருக்கிற வயது சரியாக அதுதான்.

1986-இல் உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலை பத்திரிகைகளில் வந்தபோது நாடே அதிர்ந்தது. 1992-இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கினார். பெண் குழந்தை வேண்டாமென்றால் கொல்ல வேண்டாம், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும் என்று ஒரு அரசாங்கம் சொல்ல வேண்டிய நிலைமை. அதே காலத்தில்தான் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் ஸ்கேன் சென்டர் வந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1994-இல் வந்துவிட்டாலும், டாக்டர் வாயால் சொல்லாமல் சாடையில் சொல்லுவார் என்று பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். எங்கள் வளவில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்த அன்று, அந்தத் தாயின் மாமியார் வாசலில் நின்று "இதுக்கும் நாப்பது பவுனு எங்க போறது" என்று அழுததும் நினைவிருக்கிறது. அந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறாள், இன்று கோவையில் வேலை பார்க்கிறாள். எல்லாக் குழந்தைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

ஏன் பெண் வேண்டாம் என்றார்கள்? சீர் செய்ய முடியாது என்பதால். சீர் கேட்டது யார்? பையனைப் பெற்ற வீடுகள். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. நாங்கள் அதற்குச் சீர் என்று பெயர் வைத்துக்கொண்டு, "நாங்க எதுவும் கேக்கலீங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது" என்று சொல்லிக்கொண்டு, பவுனும் காரும் வாங்கிக்கொண்டோம். அந்தச் சீருக்குப் பயந்துதான் பெண்களை அழித்தார்கள். இன்று அதே வீடுகளின் பேரன்களுக்குப் பெண் இல்லை. இதைப் பேசாமல் பெண்களின் திமிரைப் பற்றிப் பேசுவது எனக்குத் தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது.

பிறந்து தப்பித்தவர்கள் என்ன ஆனார்கள்? படித்தார்கள். இதில் தமிழ்நாட்டு அரசுத் திட்டம் ஒன்றின் கதையை அவசியம் சொல்ல வேண்டும். 1989-இல் கலைஞர் ஆட்சியில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம். ஆனால் பெண் எட்டாவது வரை படித்திருக்க வேண்டும். பிறகு அது பத்தாவது ஆனது. 2011-க்குப் பிறகு பணத்தோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது, பட்டம் படித்தவளுக்கு உதவித்தொகை கூடியது. கல்யாணப் பணத்துக்கு ஆசைப்பட்டே எத்தனையோ குடும்பங்கள் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வைத்தன. 2022-இல் அதே திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. இப்போது கல்யாணத்துக்குப் பணம் இல்லை, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் நேரடியாக விழுகிறது. அரசாங்கமே பெண்ணிடம் பேசுகிற பேச்சை மாற்றிவிட்டது. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் இந்திய அளவில் 28.4 என்றால் தமிழ்நாட்டில் 47 (2021-22 கணக்கு). அதில் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் எங்கள் பக்கத்தில் நடந்தது. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். நூற்பாலைகளில் பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை மில் விடுதியிலேயே தங்க வைத்து மூன்று வருஷம் வேலை வாங்குவார்கள். முடிவில் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்கள், கல்யாணச் செலவுக்கு. இடையில் உடம்பு முடியாமல் வெளியேறினால் அதுவும் கைக்கு வராது என்று பல பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தன் கல்யாணத்துக்குத் தானே பஞ்சுத் தூசியில் நின்று பணம் சேர்த்த பெண்களின் பிள்ளைகள்தான் இன்று வளர்ந்து நிற்கிறார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் மகளுக்கு வரன் பார்க்கும்போது கண்டிப்பாக இருந்தால், அதில் என்ன தப்பு?

ஈரோட்டில் ஒரு சுயம்வர நிகழ்ச்சிக்கு என் பெரியம்மாவோடு போயிருந்தேன். பெரியம்மா மகனுக்கு வரன் பார்க்க. பெயர்தான் சுயம்வரம், மாப்பிள்ளையும் பெண்ணும் பெரும்பாலும் வரமாட்டார்கள், பெற்றவர்கள்தான் வருவார்கள். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக மேசை போட்டு ஃபைல்களை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு ஃபைலிலும் பிளாஸ்டிக் உறைக்குள் பயோடேட்டா. மேலே வரன் எண். அதற்குக் கீழே நட்சத்திரம், ராசி, லக்னம், கூட்டம் என்கிற குலப்பிரிவு, படிப்பு, வேலை, சம்பளம், சொத்து விவரம். கடைசிக் கட்டம் எதிர்பார்ப்பு. ஆண் வரன் ஃபைல்கள் மேசைகளை நிறைத்துக் கிடந்தன, யாரும் சீந்தவில்லை. பெண் வரன் ஃபைல் இருந்த மேசையைச் சுற்றி மட்டும் ஒரே கூட்டம். ஒருவர் பக்கம் புரட்டுவதற்குள் பின்னாலிருந்து இன்னொருவர் தோளுக்கு மேலாகக் கை நீட்டிச் செல்போனில் படம் எடுக்கிறார். மேடையில் மைக்கில் "வரன் எண் இன்னது, பெற்றோர் மேடைக்கு வரவும்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான் எதிர்பார்ப்புக் கட்டத்தை மட்டும் படித்துக்கொண்டு போனேன். ஆண் வரன்களில் முன்பெல்லாம் "அழகான, சிவப்பான, குடும்பப் பாங்கான பெண்" என்று இருக்கும். இப்போது பலரும் "நல்ல குடும்பம் போதும்" என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் "எதிர்பார்ப்பு இல்லை" என்று. சிலர் "கல்யாணச் செலவு முழுவதும் எங்களுடையது" என்றுகூட. பெண் வரன்களில் பெரும்பாலும் பி.இ., எம்.எஸ்சி., பி.எட். எதிர்பார்ப்பில் "சொந்த வீடு, தோட்டம் இருக்க வேண்டும்; மாப்பிள்ளை நல்ல வேலையில் இருக்க வேண்டும்." இதைத்தான் எல்லாரும் குத்திக் காட்டுவார்கள். தோட்டம் வேணுமாம், ஆனா தோட்டத்துல வேலை செய்யற பையன் வேண்டாமாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் இதை நேராகவே கேட்டேன். பெண்ணைப் பெற்றவர். கோவிச்சுக்கொள்வார் என்று நினைத்தேன், கோவிச்சுக்கொள்ளவில்லை.

"கண்ணு, நான் கல்யாணமாகி வந்தப்ப கட்டுத்தரையில எட்டு உருப்படிங்க. காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சு சாணி அள்ளோணும், பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தோணும். அப்பறம் சோறு. அப்பறம் ஆளுகளுக்குக் காட்டுக்குச் சோத்துப்போசி தூக்கிட்டுப் போகோணும். எனக்குக் காச்சல்னு மாட்டுக்குத் தெரியுமா? மாமியாளுக்கும் தெரியாது. பால் காசு ஒரு நாளும் என்ற கைக்கு வந்ததில்ல. என்ற மவ அந்தச் சாணியத் தொடக் கூடாதுன்னுதான் படிக்க வெச்சேன். விவசாயம் பாக்கற பையன் நல்ல பையனாத்தான் இருப்பான், நான் இல்லைங்கல. அந்த வீட்டுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியுமில்ல."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தோட்டத்துப் பையன் வேண்டாம் என்று சொல்வது பெண்கள் மட்டும் இல்லை. அந்தத் தோட்டத்தில் வாழ்ந்து பார்த்த அவர்களின் அம்மாக்களும்தான். அவர்களைவிட அந்த வீட்டைத் தெரிந்தவர்கள் யார்? "எங்க பண்ணையம் எப்பேர்ப்பட்டது" என்று பெருமை பேசுகிற ஆண்கள், அந்தப் பண்ணையத்தைத் தாங்கிய பெண்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்புறம் ஏன் தோட்டம் இருக்கணும் என்கிறார்கள்? அதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 1989-இலேயே பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. நாட்டுக்கே 2005-இல்தான் வந்தது. ஆனால் நடைமுறை என்ன? "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே கண்ணு" என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அண்ணன் தம்பியோடு உறவு கெட்டுவிடக் கூடாதே என்று அவளும் போட்டுவிடுகிறாள். பிறந்த வீட்டு நிலத்தில் ஒரு சென்ட்கூட தன் பெயரில் இல்லாதவள், போகிற வீட்டிலாவது காலூன்ற மண் இருக்கிறதா என்று பார்க்கிறாள். மகளுக்குப் பங்கைக் கொடுத்த குடும்பம் மாப்பிள்ளையின் ஏக்கரைக் கேட்காது. நான் பார்த்த வரையில் இது உண்மை.

வீட்டு வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்து வீட்டோடு இது முடிந்துவிடவில்லை. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அந்த வேலையில் கை வைக்கிற ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அதிலும் நூறு ஆண்களில் இருபத்தாறு பேர்தான் கை வைக்கவே செய்கிறார்கள். டவுனில் ஃபிளாட்டில் இருக்கிற ஐடி தம்பதியும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் லேப்டாப்பை மூடினாலும் குக்கரை வைப்பது அவள். குழந்தையின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் அவள் எண்தான் இருக்கும். மாமனாரின் சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று நினைவு வைத்துக்கொள்வதும் அவளே. அவனைக் கேட்டால் "நான் ஹெல்ப் பண்றேனே" என்பான். அவன் நல்லவன்தான். அது அவனுடைய வீடும்தான் என்பதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லி வளர்க்கவில்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நெய்வேலிப் பக்கத்துக் குடும்பம். கணவர் பல வருஷம் சவுதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார், மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். பின்னால் சொத்து யாருடையது என்று தகராறு. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்றார். கணவனின் வேலைக்கு எட்டு மணி நேரம் என்ற அளவு இருக்கிறது, இல்லத்தரசியின் வேலைக்கு விடுமுறையே இல்லை என்பதையும் தீர்ப்பு எடுத்துச் சொல்லியது. இந்தத் தீர்ப்பு வந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அத்தைமார்கள், சித்திகள் எல்லாரும் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப ஃபார்வேர்டு செய்தார்கள். நாற்பது வருஷம் சமைத்த கைகள் அவை.

சரி, பெண் கிடைக்காத வீடுகள் என்ன செய்கின்றன? பாலக்காட்டுக்குப் போகின்றன. பல வருஷமாகவே கொங்குப் பகுதியிலிருந்து தரகர்கள் மூலம் கேரளத்துக்குப் போய்ப் பெண் எடுக்கிறார்கள். ஏழைக் குடும்பத்துப் பெண்கள். சில வீடுகளில் அந்தப் பெண்களைத் தங்கமாக வைத்துக்கொள்கிறார்கள், அவர்களும் நம் ஆட்களைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுகிறார்கள். சில இடங்களில் தரகர் கமிஷனை வாங்கிக்கொண்டு மறைந்துவிட, கல்யாணமே பொய் என்று பிறகு தெரிகிறது. இது நம் பக்கத்துக்கு மட்டுமான கவலையும் இல்லை. 2021-இல் தமிழ்நாடு பிராமணர் சங்கத் தலைவர், முப்பதைத் தாண்டிய ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குத் தமிழ்நாட்டில் பெண் கிடைக்கவில்லை, உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் தேடப்போகிறோம் என்று வெளிப்படையாகவே எழுதினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. மாநிலம் தாண்டலாம், மொழி தாண்டலாம், பாலக்காட்டுப் பெண்ணிடம் "என்ன கூட்டம்" என்று கேட்காமல் இருக்கலாம். ஆனால் அடுத்த தெருவில், அதே பள்ளிக்கூடத்தில் படித்து, அதே தமிழ் பேசி, அதே மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற பெண்ணை, வேறு சாதி என்பதால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. தூரத்துப் பெண்ணின் சாதி ஊருக்குத் தெரியாது, அதனால் சரி. பக்கத்துப் பெண்ணின் சாதி தெரியும், அதனால் முடியாது. அப்படியென்றால் நாம் காப்பாற்றிக்கொண்டிருப்பது குலத்தையா, ஊர்க்காரர்களின் வாயையா?

மீறினவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் எங்கள் பக்கத்துக்குத் தெரியும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு இளைஞனை வெட்டிக் கொன்றார்கள். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. சுயமரியாதைத் திருமணத்தை 1967-இலேயே சட்டமாக்கிய மாநிலம் இது. ஐயரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம், மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்று சட்டம் சொல்லி அறுபது வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் நாட்டில் சாதி மாறிய கல்யாணம் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான் என்று இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2011-12-இல் கணக்கிட்டது. 1954-ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யப் போனால், முப்பது நாள் முன்னறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுவார்கள். வீட்டை விட்டுத் தப்பி வந்த இரண்டு பிள்ளைகளுக்கு அந்த முப்பது நாள் என்பது என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பையன்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் தம்பிக்கு, அதாவது பெரியம்மா பையனுக்கு, முப்பத்தாறு முடிந்துவிட்டது. மெக்கானிக்கல் படித்துக் கோவையில் வேலை பார்த்தவன், பெரியப்பாவுக்கு இதய நோய் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தோப்புக்குத் திரும்பினான். தென்னையில் வெள்ளை ஈ விழுந்து காய்ப்பே போன வருஷங்களிலும் தாக்குப்பிடித்தான். மாட்டைக் கறப்பது, பெரியம்மாவுக்குக் கால் வலி என்றால் சோறு வைப்பது எல்லாம் அவன்தான். அவனுடைய நண்பர்களின் கல்யாணங்களுக்கு முதல்நாளே போய் வாழை மரம் கட்டுகிறவனாக இருந்தான். இப்போது எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. "போனா எல்லாரும் என்னையப் பாத்து அதையேதான் கேக்கறாங்கக்கா" என்றான் ஒருநாள். ஆம்பளைக்கு என்ன கஷ்டம் என்று நினைக்கிற ஊர் இது. ராத்திரி தோப்பில் தனியாகக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு அவன் என்ன நினைப்பான் என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன். அவன் யாரையும் கொல்லவில்லை, யாரிடமும் சீர் கேட்கவில்லை. முந்தின தலைமுறை செய்ததற்கு அவன் விலை கொடுக்கிறான்.

அதனால்தான் அன்றைக்குச் சுயம்வர மண்டபத்தில் ஓரமாக இருந்த மேசை என் கண்ணில் பட்டது. "மறுமணம்" என்று பேனாவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அங்கே பெண் வரன் ஃபைல் நன்றாகக் கனமாகவே இருந்தது. புரட்டப் புரட்டப் படித்த, வேலையில் இருக்கிற பெண்கள். இருபத்தெட்டு, முப்பத்திரண்டு வயது. "விவாகரத்தானவர்." "கணவர் இறந்துவிட்டார், ஒரு பெண் குழந்தை." அந்த மேசைப் பக்கம் முதல் கல்யாணத்துக்குப் பார்க்கிற ஒரு பையன் வீட்டாரும் போகவில்லை. பெண்ணே இல்லை என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த அதே மண்டபத்தில்.

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் டைவர்ஸ் என்று சலித்துக்கொள்கிறோம். பிரிவதைப் பார்த்து இவ்வளவு பயப்படுகிற நாம், சேர்ந்திருந்த வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று பார்த்துப் பயந்ததில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பத்தில் மூன்று பேருக்கு மேல் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். எங்கள் அம்மாயி காலத்தில் இது இன்னும் அதிகமாகத்தான் இருந்திருக்கும், எழுதி வைக்க ஆள் இல்லை. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் வந்தது. அதற்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிற விதியையும் தேவைப்பட்டால் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. அந்த ஃபைலில் இருந்த பெண்கள் உயிரோடு வெளியே வந்தவர்கள். வீட்டுக்குத் திரும்பி வந்த மகளை "வாம்மா" என்று கூப்பிட்ட அப்பாக்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஃபைலின் கனமே சாட்சி. முன்பு அந்தப் பெண்கள் ஃபைலுக்கு வரவே மாட்டார்கள், கிணற்றுக்குப் போய்விடுவார்கள்.

நான் அந்த மேசையில் இருந்த ஒரு பயோடேட்டாவைத் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன், பெரியம்மாவிடம் சொல்லாமல். கோபிப் பக்கத்துப் பெண், பள்ளி ஆசிரியை, விவாகரத்தானவர், நாலு வயதில் மகள். ரெண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். அந்தப் பெண்ணோடு போனில் பேசினானாம். பேச்சில் பாதி குழந்தையைப் பற்றித்தான் இருந்ததாம். மகளைப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, தோப்பிலிருந்து வேன் வருமா, தன்னுடைய வேலையைத் தொடர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். "நல்லாப் பேசறாங்கக்கா, மழுப்பாம பேசறாங்க" என்றான். இவ்வளவு வருஷத்தில் அவன் குரலில் அந்தத் தெம்பை நான் கேட்டதில்லை.

பெரியம்மாவிடம் சொன்னபோது வீடே இரண்டாகிவிட்டது. "என்ற பையனுக்கு என்ன கொறை? அவனுக்கு மொதக் கல்யாணம் கண்ணு. இன்னொருத்தன் புள்ளைய அவன் எதுக்கு வளத்தோணும்? ஊருல தலை நிமிந்து நடக்க முடியுமா?"

"ஊரு இத்தன வருசமா அவனை என்ன பாடு படுத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா பெரியம்மா? பொம்பளைப் புள்ளை வேண்டாம்னு சொன்ன வீடுங்க நம்ம சாதியில எத்தனைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இப்ப ஒரு பொம்பளைப் புள்ளை நம்ம வீட்டுக்கு நடந்து வருது. வேண்டாங்கறீங்க."

அவர் பதில் சொல்லவில்லை, எழுந்து கட்டுத்தரைக்குப் போய்விட்டார். இது நடந்து ஒரு வாரம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் கோபிக்குப் போகிறோம். அங்கே பேச வேண்டியதை இருவரும் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறோம். அவள் வேலையை விட வேண்டியதில்லை. மாடுகள் அவன் பொறுப்பு, கறவை மெஷினுக்கு விலை விசாரித்துவிட்டான். குழந்தையின் பள்ளிச் செலவு அவளுடைய சம்பளத்தில் என்று ஒதுக்காமல் வீட்டுச் செலவில் சேரும். பிறந்த வீட்டுப் பங்கை அவளுடைய அப்பா கொடுத்தால் அது அவள் பெயரிலேயே இருக்கும். நகை, சீர் எதுவும் வேண்டாம். இந்தக் கடைசி விஷயத்தை நானோ தம்பியோ சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள், பையனைப் பெற்றவர் வாயால் வந்தால்தான் நம்புவார்கள். அதற்காகத்தான் பெரியம்மாவைத் தினமும் போனில் கூப்பிட்டு, வாங்க, வாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.